சூதாட்ட நகருக்குச் சிக்கனமாகப் போய்வருவது பற்றி

எசன், ஜெர்மனி,
செப்ரெம்பர் 17, புதன்கிழமை

அன்பு மகள் ஆதிரைக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் இரத்த அழுத்தம் சொன்ன சொல் கேட்கிறது, அம்மாவின் முழங்கால்தான் கேட்பதில்லை. கல்கரியில் நீயும் மருமகன் சேயோனும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு இருக்க வேண்டும் என்று போன வெள்ளி ஹம் கோயிலில் உங்கள் இருவர் பேரிலும் அருச்சனை செய்தோம். ஐயர் உன் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னார், நான் திருத்தலாமா விடலாமா என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டார். பலன் எப்படியும் உனக்கே வந்து சேரும் என்று நம்புகிறேன்.

யூலை மாதம் தொலைபேசியில் நீ ஒரு விஷயம் கேட்டாய். கலியாணத்தின் பத்தாவது வருடத்துக்கு நவம்பரில் நீங்கள் இருவரும் லாஸ் வேகாஸ் போகிறீர்கள், நாலு இரவு, காசு கரையாமல் போய்வர வழி சொல்லுங்கோ அப்பா என்றாய். முந்நூற்றுநாலு சீட்டு விளையாடும் இடத்தில்கூடக் கடுதாசியைத் தொடாமல் புள்ளி எழுதும் ஆளாகவே இருந்தவன் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று முதலில் திகைத்தேன். பிறகு, ஆஸ்பத்திரிக் குசினியின் களஞ்சியத்தை இருபத்தாறு வருடம் ஒரு முட்டை குறையாமல் பார்த்துக்கொண்டவன் என்பதால் கேட்டிருப்பாய் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பதில் இரண்டு மாதம் பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்ல ஏலாது, ஏனென்றால் அதை அம்மா பிடித்திருப்பார், படத்தில் என் காது மட்டும்தான் உனக்குத் தெரியும். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அதை இப்போதே எழுதிவிடுகிறேன், அடுத்த பக்கத்துக்குப் போனால் துணிவு போய்விடும். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் உங்களோடு வர ஆசை. என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் என் ஆசை போலக் கேட்க வேண்டுமாம். "நீங்கள் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ. நான் கேட்டனெண்டு பிள்ளைக்குத் தெரியக்கூடாது" என்பது கட்டளை. நான் அதை இரண்டாம் பந்தியிலேயே மீறிவிட்டேன். பத்தாவது வருடத்தில் புருசனும் பெண்சாதியும் தனியாகப் போகும் இடத்துக்குத் தாய் தகப்பன் பெட்டியோடு வந்து நிற்பது எவ்வளவு அழகில்லாத காரியம் என்று எனக்குத் தெரியும். இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஆகவே முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், முடிவை நீ எடு.

சோதித்துப் பார்க்காத ஆலோசனையைக் கொடுக்க எனக்கு மனம் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் ஓகஸ்ட் மாதம் நானும் அம்மாவும் ஓர் ஒத்திகை பார்த்தோம். பாடன்-பாடன் போய் இரண்டு இரவு தங்கினோம். அதுவும் சூதாட்ட மண்டபமும் வெந்நீர்க் குளியலும் பெரிய ஹோட்டல்களும் உள்ள ஊர், வேகாஸின் வயதான பெரியம்மா என்று வைத்துக்கொள். பக்கத்து வீட்டு உமாபதி அண்ணையிடம் மட்டும் அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீரில் குளிக்கப் போவதாகச் சொல்லி வைத்தோம், இல்லாவிட்டால் சோதிலிங்கம் கடைசிக் காலத்தில் சூதாடப் போய்விட்டான் என்று டோர்ட்மண்ட் வரைக்கும் செய்தி போயிருக்கும். முதலாவது பாடம், கிழமை நாட்களில் போக வேண்டும். ஞாயிறு பின்னேரம் போய்ச் செவ்வாய் திரும்பினால் அறைக்குப் பாதிக் காசு, அதே கட்டில், அதே யன்னல். இரண்டாவது, அவசர ரெயிலை விட்டுவிட்டு மாத ரிக்கெற்றிலேயே சின்ன ரெயில்களில் போனோம். நாலு இடத்தில் மாறி, கார்ல்ஸ்ரூவேயில் ஒரு ரெயிலை விட்டு, ஏழரை மணித்தியாலம். காசு மிஞ்சியது, என் இடுப்பு மிஞ்சவில்லை. வழிக்கு அம்மா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டினார். மூன்றாவது, போட்டிருக்கும் விலை முழு விலை அல்ல. அங்கே ஊரில் தங்குவதற்கென்று தலைக்கு ஒரு வரி தனியாக வாங்குகிறார்கள். வேகாஸிலும் ஒவ்வொரு இரவுக்கும் ரிசோர்ட் கட்டணம் என்று ஒன்றைப் பிறகு சேர்ப்பார்களாம், சில இடத்தில் அது அறை விலைக்கே கிட்ட வருமாம். ஆகவே எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கு. வெந்நீர்க் குளியலைப் பற்றியும் ஒன்று. ஒரு மண்டபத்தில் உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும் என்று பலகை போட்டிருந்தது. அம்மா வாசிக்கும் முன் நான் பூங்காப் பக்கம் அவரைத் திருப்பிவிட்டேன். அவர் எனக்கு முந்தியே வாசித்துவிட்டார் என்பது இராத்திரி அவர் தனியாகச் சிரித்தபோது தெரிந்தது. உமாபதி அண்ணை தன் முழங்காலுக்கும் நல்லது என்று அந்த இடத்தின் விலாசம் கேட்டார். சரியான விலாசத்தையே கொடுத்திருக்கிறேன்.

இனி நடந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அது யாருடைய பிழை என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருடம், இதுவரை ஒருநாளும் காசு கொடுத்து ஹோட்டலில் படுத்ததில்லை. ஸ்ருட்கார்ட், பாரிஸ், லண்டன், எங்கே போனாலும் சொந்தக்காரர் வீடு, வரவேற்பறையில் மெத்தை. அந்தப் பழக்கத்தில் முதல்நாள் காலை அம்மா ஐந்தரைக்கே எழும்பி, கட்டில் விரிப்புகளை உருவிச் சதுரமாக மடித்து வைத்தார். குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தார், கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார், குப்பையைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோகச் சொல்லி என் கையில் தந்தார். இது ஹோட்டல், இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "ஆரின்ரையோ வீட்டில படுத்திட்டு விரிச்சது விரிச்சபடி போறதே?" என்று கேட்டார், நான் பையோடு கீழே போனேன். மேசையில் அந்த வீட்டு ஆட்களுக்கென்று ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தையும் வைத்தார். நகையையும் கடவுச்சீட்டையும் அறையில் விட அவருக்குப் பயம், அதனால் எங்கள் ஒரே பெட்டியையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். அறைத் திறப்பு தொலைந்தால் குற்றக்காசு என்று கதவில் எழுதியிருந்தது, எனக்கு அந்தப் பயம், ஆகவே திறப்பை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டேன். பகல் முழுக்கப் பூங்காவில் திரிந்து ஐந்து மணிக்குத் திரும்பினால், எங்கள் அறையில் ஒல்லாந்துத் தம்பதிகள் இருக்கிறார்கள். காலையிலேயே நீங்கள் போய்விட்டீர்களே என்றாள் மேசையில் நின்ற பிள்ளை. அறை துப்புரவாக்கும் போலந்துப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். இருபது வருட வேலையில் ஆட்கள் தங்கியிருக்கும் அறையை இப்படித் தான் கண்டதில்லை, ஒரேயடியாகப் போய்விட்டார்கள், நன்றிக்கு இனிப்பும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார். பணியாரத்தில் பாதி முடிந்திருந்தது. நான் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன், எதற்கென்று தெரியாமலே. அம்மா கேட்கவில்லை. இரண்டு இரவுக்கும் காசு தந்தாச்சு, படுக்கை எங்கே என்று தன் ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டு மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்துகொண்டார். மிச்சமிருந்தது மேல்மாடியில் பல்கனியும் இரண்டு அறையும் பழத்தட்டும் உள்ள பெரிய அறை ஒன்றுதான். விலை எங்களுடையதைப் போல மூன்று மடங்கு. அதை ஒரு சதம் கூடக் கேட்காமல் தந்தார்கள். இது ஏமாற்றா இல்லையா என்று நான் விடிய விடியப் புரண்டேன், அம்மா குறட்டை விட்டார். சேயோனுக்கு இதை ஒரு சிக்கன வழியாக நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அறை மாறிய அன்று பின்னேரமே சூதாட்ட மண்டபத்துக்கும் போனோம். காலையில் போனால் விளையாடாமல் சுற்றிப் பார்க்கவும் விடுகிறார்கள், அது மலிவு. பின்னேரம் என்றால் கடவுச்சீட்டும் வேண்டும், ஆண்களுக்குக் கோட்டும் வேண்டும். வாடகைக்கு எடுக்காமல் உன் கலியாணத்துக்குத் தைத்த கோட்டையே கொண்டுபோனேன், பொத்தான் மட்டும் பூட்டவில்லை. அம்மா நாவற்பழ நிறச் சேலை. அவர் ஓர் உறையில் இருபத்தொரு யூரோ வைத்திருந்தார். முழு எண்ணாக எதையும் வைக்கக்கூடாது, மேலே ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் முறை. காசாளரோ, பந்தயம் வைக்கும் மிகச் சின்ன வில்லையே இரண்டு யூரோ, இருபது தரலாம் அல்லது இருபத்திரண்டு என்றார். பின்னால் வரிசை நீள நீள எனக்கு வியர்த்தது. ஊன்றுகோலோடு நின்ற ஒரு கிழவர் ஒரு யூரோவை நீட்டி, சீமாட்டி, இருபத்திரண்டாக்குங்கள் என்றார். அம்மா அவருக்கு நன்றி சொல்லி, இருபதுக்கு வில்லை வாங்கி, மேல் ஒன்றை உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மூன்று தரம் வைத்தார், மூன்றும் போயின. ஆறு யூரோ நட்டத்தோடு எழும்பிச் சுவரோரம் இருந்த சிவப்பு வெல்வெற் இருக்கையில் போய் இருந்தார். ஒன்றரை மணித்தியாலம் அசையவில்லை. காலில் நோவா, போவோமா என்று கேட்டேன். "இல்லையப்பா. போன இடத்தில எனக்கொரு வேலையும் இல்லாமல் இருக்கிறது இதுதான் முதல் தரம்" என்றார். நான் அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன் மகள். எந்த ஊருக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அம்மா குசினிக்குள் போய்விடுவார். ஸ்ருட்கார்ட்டில் உன் மாமாவின் அறுபதுக்கு வெங்காயம் உரித்து உரித்து, கேக் வெட்டும்போது அம்மா படத்திலேயே இல்லை. களஞ்சியத்தில் ஒவ்வொரு முட்டையையும் எண்ணிய நான் இதை எண்ணவில்லை. திரும்பும் ரெயிலில், மன்ஹைம் தாண்டிய பிறகு, பிள்ளை போகிற இடம் இதைவிடப் பெரிதோ என்று கேட்டார். பெரிது என்றேன். அப்போதுதான் உன்னிடம் கேட்கச் சொன்னார்.

வேகாஸுக்கான மிச்சக் குறிப்புகள் நான் வாசித்தவை, போய்ப் பார்த்தவை அல்ல, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பெரிய வியாபாரக் கண்காட்சி நடக்கும் வாரத்தைத் தவிர், விலை ஏறிவிடும். மண்டபத்துக்குள் இருக்கும் இயந்திரத்தில் காசு எடுக்காதே, கட்டணம் கூட. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி உறையில் காசு வை, உறை வெறுமையானதும் போய் நீரூற்று நடனத்தைப் பாருங்கள், அது இலவசம். விளையாடுகிறவர்களுக்குக் குடிவகையும் இலவசமாம், அந்த இலவசத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைச் சேயோன் இரண்டாவது கிளாசுக்கு முன்பே கணக்குப் பார்ப்பது நல்லது. தண்ணீரை வெளிக் கடையில் வாங்கு. அறைக் குளிர்பெட்டியில் இருக்கும் போத்தலைத் தூக்கினாலே சில ஹோட்டல்களில் பில்லில் ஏறிவிடுமாம். இதை வாசித்ததும் எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. அம்மா முதல் வேலையாக எல்லாப் போத்தலையும் இறக்கித் தட்டுத் துடைப்பார், துடைத்த கூலிக்கு இருநூறு டொலர் நாம் கட்ட வேண்டி வரும். அவர் வந்தால் நான் முந்திப் போய்க் குளிர்பெட்டிக் கதவை ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிடுவேன். பார், வந்தால் என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் செலவு முழுக்க எங்களுடையது. அறை வேறு, தளம் வேறு, நீங்கள் விரும்பினால் ஹோட்டலும் வேறு. நாலு இரவில் ஒரு இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போதும். மற்ற நேரம் அம்மாவுக்கு ஒரு வெல்வெற் இருக்கையை நான் தேடிக் கொடுத்துவிடுவேன். எங்கள் ஜெர்மன் கடவுச்சீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். இரண்டு பேருக்கும் நிரப்பி வைத்திருக்கிறேன், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. நீ சம்மதித்தால் அம்மாவிடம் உனக்கே தோன்றியது போலக் கேள். இங்கேதான் கவனம் வேண்டும். முதல் தரம் கேட்டால் முழங்காலைச் சாட்டி வேண்டாம் என்பார். இரண்டாம் தரம், அப்பாவுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று என் தலையில் போடுவார். நீ எசனில் ஜெர்மன் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவள், இல்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டு, சரி அம்மா என்று தொலைபேசியை வைத்துவிடுவாய். வைத்துவிடாதே. இரண்டு தரம் மறுப்பது மரியாதைக்கு. மூன்றாம் தரமும் கேள். உனக்கு மனமில்லாவிட்டால், அதில் ஒரு பிழையும் இல்லை, பத்தாவது வருடம் ஒருதரம்தான் வரும். கல்கரியில் பனி தொடங்கிவிட்டதா என்பதைப் பற்றி மட்டும் அம்மாவோடு கதைத்துவிடு. நான் விளங்கிக்கொள்வேன். உன்னிடம் கேட்க மறந்துபோனேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவர் உடனே நம்புவார், என்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் அபிப்பிராயம் அப்படி.

நீங்கள் இருவரும் இன்னும் பல பத்து வருடம் ஒற்றுமையாக வாழ அப்பாவினதும் அம்மாவினதும் ஆசி. கடிதம் வந்ததைப் பற்றி மூச்சும் விடாதே. தபாலுக்குப் பத்து நாள் விட்டுப் பார்த்தால், நீ அம்மாவை அழைக்க நான் சொல்லும் ஞாயிறு ஒக்ரோபர் ஐந்தாம் திகதி, இங்கே பின்னேரம் ஆறு மணி. அன்று நான் அம்மாவுக்குப் பக்கத்தில், காது மட்டும் தெரிகிற மாதிரி இருப்பேன்.

உன் நன்மையை எண்ணியிருக்கும்
அப்பா,
க. சோதிலிங்கம்