தபாலில் வந்த வைத்தியம்

பந்தலூர்,
11.6.1975

மதிப்புமிக்க டாக்டர் எட்மண்ட் ஐயா அவர்களுக்கு,

போன மாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தூக்கமில்லை என்று காட்ட வந்த வேலாமணி எழுதுவது. இலங்கையிலிருந்து திரும்பி வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

மறுபடி வரச் சொன்னீர்கள். கூடலூர் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பஸ் ஓடினாலும் போக ஒரு நாள், வர ஒரு நாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து லீவு தரமாட்டார்கள். முடியாவிட்டால் எழுதுங்கள் என்றீர்கள். தபாலில் வைத்தியமா என்று லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் நம்பிக்கை இல்லை ஐயா. முகத்தைப் பார்க்காமல் உங்களுக்கு என்ன தெரியப்போகிறது? கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மா. வேலாமணி


கோயம்புத்தூர்,
18.6.1975

அன்புள்ள வேலாமணிக்கு,

கோபம் இல்லை. ஆனால் நீங்கள் வந்தபோது முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் உங்கள் கணவர் மாரிச்சாமிதான் பதில் சொன்னார். நீங்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள்.

உங்கள் கடிதங்களை நான் மட்டும்தான் பிரிப்பேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம். தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்,
எட்மண்ட்


பந்தலூர்,
2.7.1975

ஐயா அவர்களுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெய்வம்மா என்று ஒரு பெண் இருந்தாள். மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்தோம். அங்கே ஒரு நாள் தோட்ட வேலைக்குப் பெயர் எழுதினார்கள். காலையிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்தேன். பொய், ஐயா. காய்ச்சல் என்று தெரியும். இடம் போய்விடும் என்று நின்றேன். பெயர் எழுதிவிட்டுத்தான் டாக்டரிடம் ஓடினேன். மறுநாள் பிள்ளை இல்லை.

அந்த வேலைதான் இந்த வேலை. ஒவ்வொரு நாளும் கூடையைத் தோளில் மாட்டும்போது அவளைத்தான் தூக்குகிறேன். உங்கள் அறையில் இவர் பக்கத்தில் இருக்க, இதை எப்படிச் சொல்வேன்?

வேலாமணி


கோயம்புத்தூர்,
10.7.1975

அன்புள்ள வேலாமணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காலையிலேயே கொண்டுபோயிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ஆறுதல் சொல்லமாட்டேன். அந்த வரிசையை விட்டிருந்தால் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா என்பதும் தெரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் ஒரு தாயை நிறுத்தியது நீங்கள் அல்ல.

கடிதத்தால் முடியாதது ஒன்று உண்டு. நீங்கள் அழும்போது அது பக்கத்தில் வந்து உட்காராது. மாரிச்சாமியிடம் சொல்ல முடியுமா? அவசரமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் தபாலுக்குக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே அவரை எழுப்புங்கள், தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

எட்மண்ட்


பந்தலூர்,
28.7.1975

அன்புள்ள ஐயாவுக்கு,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மழையில் வெளியே போக முடியவில்லை. இவர் அடுப்பு முன்னால் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். உங்கள் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். பிறகு நான் உங்களுக்கு எழுதியதையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "புள்ள ஒடம்பு சுடுதுனு விடியக்காலமே எனக்குத் தெரியும் வேலாமணி. சொன்னா நீ வரிசைக்குப் போகமாட்டேனு வாயத் தொறக்காம இருந்துட்டேன்" என்றார்.

ஒரே அறையில் இரண்டு வருஷம், ஐயா. இரண்டு பேரும் சேர்ந்து அன்றைக்குத்தான் அழுதோம்.

இப்போது நான் கொஞ்சம் தூங்குகிறேன். இவர்தான் விழித்திருக்கிறார். சோறு இறங்கவில்லை. "நீங்க சொல்லுங்க, நான் டாக்டருக்கு எழுதுறேன்" என்றேன். "ஒன் கையால எழுதுனா, ஒனக்குத் தெரியாதத நான் எப்பிடிச் சொல்றது? எனக்கு அந்த மனுசன் மொகத்தப் பாக்கணும்" என்றார்.

பஸ் விட்டுவிட்டார்கள். பத்தாம் தேதிக்கு மேல் லீவு கேட்டு இருவரும் வருகிறோம். அறைக்குள் இவரை மட்டும் கூப்பிடுங்கள். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். என் பேச்சை நான் கடிதத்தில் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மா. வேலாமணி