மதினியும் நானும் ஊர் பார்க்கப் போனோம்

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

நாம் போட்ட திட்டப்படி ராமேஸ்வரம் போய்விட்டு வந்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யாரிடம் போய்க் கொட்டுவது? அண்ணனிடம் சொன்னால், "ஒனக்கு இது தேவையா?" என்பார்.

உங்கள் அய்யாவுக்கு, பிறகு எங்கள் அய்யாவுக்கு என்று, திதி கொடுக்க மட்டுமே அந்த ஊருக்குப் போனவர் நீங்கள். "முங்கு, எந்திரி, பஸ் ஏறு. இம்புட்டுத்தான் நான் பாத்த ராமேஸ்வரம். ஒரு நாளாவது யாருக்கும் அழுகாம, சும்மா சுத்திப் பாக்கணும் தாயி" என்பீர்கள். மிளகாய் விற்றதும் போவோம், பருத்தி எடுத்ததும் போவோம் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் உங்களுக்கே திதி வந்துவிட்டது. வயிறு எரிகிறது மதினி.

கமுதியில் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன், "போறதுதான் போற, அங்கன மதினிக்கு ஒரு திதியக் குடுத்துட்டு வந்துரு" என்றார். "ஒங்க பொண்டாட்டிக்கு நீங்க குடுங்க. நான் ஊர் பாக்கப் போறேன்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பாலம் வந்ததும் பஸ்ஸில் இருந்த மொத்தக் கூட்டமும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எனக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் பார்த்தது முன்னால் நின்றவரின் அக்குளைத்தான். கடல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

இறங்கிய நிமிஷமே பிடித்துக்கொண்டார்கள். "யாருக்கும்மா திதி? அப்பாவுக்கா, வீட்டுக்காரருக்கா?" ஒருத்தரை விலக்கினால் இன்னொருத்தர். டீக்கடையில்கூட அதே கேள்வி. "எல்லாரும் உசுரோடதான் இருக்காக!" என்று ஒருத்தரிடம் வெடித்துவிட்டேன். சொன்ன பிறகு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டோக்காரர் கேட்ட வாடகைக்குப் பயந்து ராமர் பாதத்துக்கு நடந்தே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டின் மேல் மண்டபத்தில் டூரிஸ்ட் கூட்டம் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவே இல்லை. எக்கி எக்கிப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

மிச்சம் தனுஷ்கோடி. டவுன் பஸ் ரோடு முடிகிற இடத்தில் இறக்கிவிட்டது. அதற்கப்புறம் மணலில் வேன்தான், அதுவும் ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், பொழுது சாயத் தொடங்கிவிட்டது. டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும்க்கா. வரலேன்னா இன்னைக்கு வண்டி போகாது. இருட்டுனா உள்ள விடமாட்டாக."

ஒரே ஒரு ஆள்! அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாதா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உங்கள் மேல்தான் ஆத்திரம். வெறும் காய்ச்சல்தானே என்று கஷாயத்தைக் குடித்துக்கொண்டு கிடந்தீர்களே, காலாகாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா?

"ரெண்டு ஆளுக்கு நான் தாரேன், வண்டிய எடுங்க" என்றேன். ஆளில்லாத சீட்டுக்குக் காசா என்று நீங்கள் என் தொடையைக் கிள்ளியிருப்பீர்கள்.

வண்டி கிளம்பியதும் அந்தப் பக்கம் இருந்தவர் தன் பையைத் தூக்கி நடுவில் இருந்த காலி இடத்தில் வைத்தார்.

"பைய எடுங்கண்ணே. ஆள் இருக்கு."

இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அங்கே இடிந்த சுவர்கள், மணல், ரெண்டு பக்கமும் கடல். நின்று பார்க்க விட்டால்தானே? டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டிருப்பீர்களா, வாயடைத்து நின்றிருப்பீர்களா? அதுகூட எனக்குத் தெரியவில்லையே மதினி.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "திதி குடுத்தியா?" என்றார்.

"இல்ல. மதினிய தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். என் பையை வாங்கித் திண்ணையில் வைத்தார். அப்புறம் மெதுவாக, "அங்கன என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. "வந்து பாருங்க" என்றேன். அடுத்த தடவை அவரையும் இழுத்துக்கொண்டு வாரேன் மதினி, இது சத்தியம். திதிக்கு இல்லை, ஊர் பார்க்கத்தான். மூணு சீட்டுக்கும் அண்ணனே காசு கொடுக்கட்டும்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார்,
பாக்கியம்