கை காட்டினால் போதும்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். நலம் என்றால், இடது முட்டி தேய்ந்து, உள்ளங்கை உரிந்து, மற்றபடி நலம். பயப்படாமல் படி. இங்கே தெருவில் என் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்களைப் போலச் சம்பளம் வாங்காமல் சேவைக்கு வந்தவர்களுக்கு இங்கே முதல் நாள் பாடமே 'திருடனுக்கு ஒரு பர்ஸ்' என்பதுதான். கொஞ்சம் சில்லறை போட்ட பர்ஸ் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். மிரட்டினால் மரியாதையாக நீட்டிவிட வேண்டும். உன் அக்கா அதற்கும் மேலே ஒரு படி யோசித்தாள். செயற்கைக் கால் அச்சுக்கு ஊற்றுகிற மாவு அப்பிக் காய்ந்த பட்டறைப் பையை எந்தத் திருடன் தொடப்போகிறான் என்று, பாஸ்போர்ட்டை அதற்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு டிக்கெட் பதியப் போனாள். திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். நான் பர்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் இருந்தவன் பையைப் பிடித்து இழுக்கிறான். நான் விடவில்லை. கொஞ்ச தூரம் தெருவோடு இழுபட்டுப் போனேன்.

முனையில் தள்ளுவண்டியில் பழைய துணி விற்கிறவர்தான் ஓடிவந்து தூக்கினார். முட்டியில் தண்ணீர் ஊற்றி, பதிந்திருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். பையிலிருந்து தெறித்து விழுந்த டிபன் பாக்ஸைப் பொறுக்கிக்கொண்டு அவர் வரவும், போலீஸ் வரவும் சரியாக இருந்தது. அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் இல்லை, இவர் இல்லை என்று தெரிந்த நாலு வார்த்தையில் கத்தினேன். நாளைக்குப் போய்ச் சொல்லி விடுவித்துவிடலாம் என்று பட்டறை மேனேஜர் சொல்கிறார்.

உப்பைத் தொடாதே. மே மாதம் உன் ஆபரேஷனுக்கு முன்னால் வந்து நிற்பேன். உனக்குத் தர வேண்டிய கிட்னி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதைத் திருடன் விட்டுவைத்தான்.

உன் அக்கா


மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலமெல்லாம் பிக்பாக்கெட்காரர்களோடு பழகியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். அழுக்குப் பையை யாரும் தொடமாட்டார்கள் என்பது சரி. அழுக்குப் பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போகிறவளைப் பார்த்தால் எனக்கே பிடுங்கத் தோன்றும். கால் இழந்தவர்களுக்கு அளவெடுத்துக் கால் செய்து கொடுக்கிறவள், கைப்பையை விடாமல் காலைத் தேய்த்துக்கொண்டாயே. காயத்தில் ஈ உட்கார விடாதே.

இங்கே டயாலிசிஸ் நடக்கிறது. ஊசி போட்டுப் போட்டு இடது கை நரம்பு கல்லாகிவிட்டது, இப்போது வலது கை. டிப்போவில் லீவு முடிந்துவிட்டது, சம்பளம் இல்லாத லீவில் இருக்கிறேன். உன் மாதிரி நானும் சேவைக்கு வந்துவிட்டேன் பார். ஆபரேஷனைத் தள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்கிறார்.

ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. என் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. பாஸ்போர்ட் தொலைந்ததா, தொலைத்தார்களா என்று. எழுந்து சத்தம் போட்டேன், அதோடு அடங்கிவிட்டது. இவள் பாவம், தன் கிட்னி எனக்குப் பொருந்தவில்லையே என்று இன்னமும் அழுகிறாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் சதை அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் இங்கே கொண்டு வா.

உன் தம்பி


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமியார் வீட்டார் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நம் தூதரகத்தில் ஊர் திரும்புவதற்கு ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். அதற்குப் போலீஸ் அறிக்கை வேண்டும். இந்தப் போலீஸோ, ஆளைக் காட்டினால்தான் அறிக்கை என்கிறது. ஆளை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார்கள். யார் தெரியுமா? அன்றைக்குக் கொண்டுபோன அதே தள்ளுவண்டிக்காரர்தான், இன்னும் விடவில்லை. அவர் கையில் என் டிபன் பாக்ஸ் இருந்ததாம், அதுவே சாட்சியாம்.

ஸ்டேஷனில் மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். அதிகாரி சிரித்த முகமாகச் சொன்னதை மேனேஜர் மொழிபெயர்த்தார். "நீங்க ஒண்ணும் பேசக்கூட வேணாம்மா. இவன்தான்னு கை காட்டினா போதும். சாயங்காலமே பேப்பர் உங்க கையில."

இவர் என்னைத் தூக்கிவிட்டவர் என்று சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அதிகாரி மூஞ்சி மாறவில்லை. அப்படியானால் நிஜத் திருடன் கிடைக்கிற வரைக்கும் காத்திருங்கள் என்று எழுந்துவிட்டார். தள்ளுவண்டிக்காரரையும் விடவில்லை. வெளியே வந்தால், வாசலில் அவர் மனைவி அதே தள்ளுவண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். நான் நல்லது சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தூதரகத்துக்கும் போய்ப் பார்த்தேன், உன் மருத்துவச் சீட்டைக் காட்டினேன். போலீஸ் தாள் இல்லாமல் முடியாது என்று அதே பதில். பட்டறைக்கு வந்து அச்சு ஊற்ற உட்கார்ந்தால் மாவு கையிலேயே இறுகிவிடுகிறது, ஞாபகம் எங்கேயோ போய்விடுகிறது. நான் செய்தது சரிதானேடா? நீ சொன்னால் மனசு ஆறும்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நீ செய்தது சரி. ஊரில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அவர்கள் யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

எனக்கு இப்போது படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் அசருகிறேன். குழந்தை வந்து என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். நான் விழித்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதுவரை உன்னிடம் வேடிக்கையாகவே எழுதிவந்தேன், இனிமேல் முடியாது.

அந்த மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். உள்ளே போனாலும் அவர் ஒருநாள் உயிரோடு வெளியே வந்துவிடுவார். நான் போனால் வரமாட்டேன். அவர் நமக்கு யார்?

கை காட்டிவிட்டு வா. பாவம் வந்தால் பாதி எனக்கு.

தம்பி


ஏப்ரல் 18

என் செல்லத் தம்பிக்கு,

போலீஸ் தாள் கிடைத்துவிட்டது. தூதரகத்திலும் வேலை முடிந்தது. மே முதல் தேதிக்கு டிக்கெட். டாக்டரிடம் சொல்லிவிடு. குழந்தையிடம் அத்தை வருகிறாள் என்று சொல்.

உன் கடிதத்தை நேற்று காலையில் படித்தேன். படித்த கையோடு மேனேஜரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். யோசித்தால் கால் நகராது என்று எனக்குத் தெரியும். அவரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். தலையை மொட்டையடித்திருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது. முகம் மலர்ந்து மேனேஜரிடம் ஏதோ கேட்டார்.

"உங்க முட்டி ஆறிடுச்சான்னு கேக்கறான்" என்றார் மேனேஜர்.

ஆறிவிட்டது என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, கையைத் தூக்கி அவரைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் பேசினார். மேனேஜர் எதையும் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு நாலைந்து வருஷம் ஆகும் என்று பிறகு சொன்னார்கள். அவர் மனைவி உட்கார்ந்திருக்கும் வாசல் வழியாக வர முடியாமல், என்னைப் பின்கதவு வழியாக அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். மேனேஜர் அதற்கப்புறம் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பாவத்தில் பாதி உனக்கு என்று எழுதியிருந்தாய். வேண்டாம். நீ பிழைத்துக் கிட. முழுசும் எனக்கே இருக்கட்டும். நீ பிழைத்தால்தான் நான் செய்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் நானும் அந்த மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான்.

வருகிறேன்டா. அதுவரை சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திரு.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. நல்லதாயிற்று. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அதைத் தபாலில் போட்ட மறுநாளே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இன்றைக்குத்தான் பேனா பிடிக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நெஞ்சில் சீழ் கோத்துக்கொண்டதாம். இருதயமும் அசந்துவிட்டதாம். இனிமேல் ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளிப்போடுவதா என்று கேட்டேன். இல்லை, அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். அதனால் நீ அவசரப்பட வேண்டியதில்லை. உன்னுடையதை நீயே வைத்துக்கொள், இரண்டும் ஜோடியாக இருக்கட்டும்.

இதைச் சொல்லிவிட்டதில் எனக்கு ஒரு நிம்மதி. இங்கே படுத்துக் கிடக்கும்போது அதே நினைப்புதான். உன்னைத் தூக்கிவிட்ட மனிதர் மேல் கை காட்டச் சொல்லி எழுதினேனே, நான் ஒரு மனுஷனா என்று. நான் எழுதினால் மட்டும் நீ செய்துவிடப் போகிறாயா? உன்னை எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

உடனே தந்தி அடித்துவிடலாம் என்று இவள் சொன்னாள். நான்தான் தடுத்தேன். நம் வீட்டில் தந்தி என்றாலே சாவுச் செய்திதானே. பிரிக்கிறதுக்கு முன்னாலேயே நீ அங்கே யாரும் இல்லாத ஊரில் மயங்கி விழுந்துவிடுவாய். பத்து நாள் தாமதமானாலும் கடிதமே போதும், என் கையெழுத்தைப் பார்த்தால் உனக்குத் தெம்பாக இருக்கும் என்றேன்.

அவரை விட்டுவிட்டார்களா? விட்டிருந்தால் அந்த முனைக்குப் போய், என் அக்காவைத் தூக்கிவிட்டதற்கு அவள் தம்பி கும்பிட்டான் என்று சொல். அவருக்குப் புரிகிற மாதிரி மேனேஜரை வைத்துச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி