விளக்கு வைக்கிற நேரத்து போன்

இன்று சாயங்காலம் அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்தாள். வாசனை எழும்பியதுமே மாடி வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நீ இருந்திருந்தால் எழுந்துபோய் நம் வீட்டு ஜன்னல்களை இன்னும் அகலத் திறந்துவைத்திருப்பாய். "நல்லா போகட்டும்டி. பாவம், அவங்களுக்கும் பசிக்கும்" என்பாய். இந்த மராட்டிய ஊர் கட்கியில் காலையிலிருந்து விடாத மழை. ஜன்னலை நானே திறந்தேன். சாரல் அடித்து மெத்தை நனைந்ததுதான் மிச்சம்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்ததே கருவாட்டுப் புண்ணியத்தில்தான். பஜாரில் பியூட்டி பார்லர் வேலை கிடைத்துவிட்டது, தங்க இடம் கிடைக்கவில்லை. எல்லையோர மலைநாட்டு முகத்தைப் பார்த்ததும் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, என்ன சமைப்பாய் என்பதுதான். புளிக்கவைத்த மீன் என்று நீயும் ஒளிக்காமல் சொல்லித் தொலைப்பாய். எங்கள் அம்மா தன் உடைந்த இந்தியில் கேட்டது வேறு: கருவாடு சாப்பிடுவாயா? நீ தலையாட்டினாய். அன்றே பின்னறை உனக்கு ஆனது. உன் மீன் ஜாடியை முதன்முதலில் திறந்தபோது, வெடிமருந்து பாக்டரியில் ஆயுசைக் கழித்த அப்பாவே மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா இது! பாக்டரில கூட இந்த மாதிரி சரக்கு நான் பாத்தது இல்லியே" என்றார்.

இங்கேயே பிறந்த நான் பாதி இந்தி, கால் மராத்தி கலந்து பேசுகிறவள். நீயோ அம்மாவிடம் கற்றுக்கொண்டு, அச்சு அசல் அவள் ஊர் சோளிங்கர்த் தமிழ் பேசினாய். புருவம் திருத்த வந்த சென்னைப் பெண்கள், "இன்னாக்கா, இப்டி குந்து" என்று நீ சொன்னதும் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்து விழித்த கதையை எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய்! ஊரிலுள்ளவர்கள் எல்லாம் உனக்கு அக்கா. நான் மட்டும் 'டி'. அப்படி என்னைக் கூப்பிட இப்போது யாரும் இல்லையடி.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு போன் போடுவாய். எடுத்ததும் தினமும் ஒரே வார்த்தைதான். என்னடி அது என்று கேட்டேன். "வேற இன்னா, சாப்ட்டியான்னு கேக்கறேன்" என்றாய். அதை எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். உன் அம்மாவுக்குப் பதிலைத் தமிழில் பழக்கினாய். நான் உங்கள் மொழியில் கேட்பேன், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சாப்ட்டேன்" என்று வரும். நீ படியில் உருண்டு சிரிப்பாய். அம்மா அடுப்படியிலிருந்தே, "சாப்ட்டாங்களாமா?" என்று விசாரிப்பாள்.

உன் தம்பியைப் பற்றி நீ வாயே திறந்ததில்லை. அந்த டிவி செய்தி வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் மலையில் தீவிரவாதிகள் ஆயுதம் ஒப்படைக்கும் விழா. மேடையில் மாலை, கைகுலுக்கல். அப்பா கைதட்டினார். "பாத்தியா, துப்பாக்கிய கீழ வச்சுட்டானுங்க. இனிமே உங்க ஊருக்கு நல்ல காலம்மா." நீ சப்பாத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். "அங்கிள், மூணாவதா மாலை போட்டுகினு நிக்கறானே, அவன் எங்க வீட்டுல டீ குடிச்சான். குடிச்சிட்டு என் தம்பிய கூட்டினு போனான்" என்றாய். தம்பி ஆற்றங்கரையில் பிணமாகத்தான் கிடைத்தான் என்றும் சொன்னாய். அப்பா டிவியை அணைத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் செய்தி ஓடியதே இல்லை. சீரியலே பார்க்காத மனுஷன், உனக்காகச் சீரியல் பார்த்தார்.

மறுநாள் உன்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், போலீஸில் சொல்லலாமே என்று. "யாருகிட்ட அங்கிள்? அவன் வீட்டு வாசல்லதான் போலீஸ் காவல் நிக்குது" என்றாய். அடங்காத இன்னொரு கூட்டத்தை அடக்க அரசாங்கத்துக்குச் சரணடைந்த இந்தக் கூட்டம் தேவைப்பட்டது. முகாம் கொடுத்தார்கள், ஜீப் கொடுத்தார்கள், துப்பாக்கியும் திரும்பக் கையில் வந்தது. அந்த ஜீப் தினமும் உன் அம்மா வீட்டைத் தாண்டித்தான் போகும். வேலியே பயிரை மேய்கிறது என்று அம்மா சொன்னபோது, அந்தப் பழமொழிக்கு மட்டும் உனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோர்ட் உத்தரவில் உன் தம்பி கொலைக்கு விசாரணை வந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டாய். டீ குடித்தவனை அன்று பார்த்தவர்கள் இரண்டே பேர், நீயும் உன் அம்மாவும். உன் அம்மா பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நான் போகாதே என்று அழுதேன். "பேர சொல்லிட்டு, அம்மாவ கூட்டினு வந்துர்றேன்டி. அந்த ஜீப்ப பாத்துகினே அவங்க சாகக்கூடாது" என்றாய். அம்மா முன்னறையில் கட்டில் போட்டு, போர்த்திக்கொள்ளப் புது ரஜாய் வாங்கி வைத்தாள். உன் அம்மாவுக்கு இங்கே குளிருமா குளிராதா என்று அவளுக்கும் அப்பாவுக்கும் பெரிய தர்க்கமே நடந்தது.

சாட்சி சொன்ன அன்று உன் அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டாய். "சொல்லிட்டேன்டி! பேர சொல்லிட்டேன். என்னையே மொறச்சிகினு இருந்தான், நான் கண்ண எடுக்கல. சொல்லிட்டேன்!" பக்கத்தில் உன் அம்மா என்னவோ கேட்டார்கள், நீ உங்கள் மொழியில் விளக்கினாய். "சொல்லிட்டேன்" என்று அவர்களும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். நீ சிரித்தாய். நான் கேட்ட உன் கடைசிச் சிரிப்பு அது.

டிக்கெட் எடுக்க மறுநாள் டவுனுக்குப் போன நீ திரும்பவில்லை. நீ போன வண்டியைத் தீவிரவாதிகள் சுட்டார்கள் என்று செய்தியில் ஒரு வரி. எந்தத் தீவிரவாதிகள், யாருடைய தீவிரவாதிகள் என்று கேட்பார் இல்லை. உன் சாட்சியை உறுதிசெய்ய ஆள் இல்லையென்று விசாரணையும் நின்றுபோனது.

உன்னைப் புதைத்த மண்ணை விட்டு உன் அம்மா வர மறுத்துவிட்டார்கள். அதனால் விளக்கு வைக்கிற நேரத்து போன் இப்போது என்னுடையதாகிவிட்டது. அதே படியில் உட்கார்ந்து கேட்பேன். "சாப்ட்டேன்" என்பார்கள். அதற்குமேல் பேச எங்களிடம் மொழி இல்லை. ஆனாலும் இருவரும் போனை வைக்கமாட்டோம். அங்கே நாய் குரைக்கும், இங்கே லோக்கல் ரயில் போகும். சில நாள் ஜீப் சத்தம் கேட்கும், அது தாண்டும்வரை அவர்கள் மூச்சுகூடக் கேட்காது. எனக்கு நீ விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தையும் அந்தப் படியும்தான்.

போன வாரம் விசாரணை மீண்டும் தொடங்கியதாகப் படித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா என்ன செய்வார்கள் என்று கேட்கவும் எனக்கு வார்த்தை தெரியவில்லை. இன்று கருவாட்டு வாசனையோடு படியில் உட்கார்ந்து போன் போட்டேன். உங்கள் மொழியில், சாப்பிட்டாயா என்று கேட்டேன். வழக்கமான பதில் வரவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது, மலையேறி வந்தவர்களைப் போல. பிறகு நிதானமாக, உன் உச்சரிப்பிலேயே, "சொல்லிட்டேன்" என்றார்கள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள், "இன்னாடி, சாப்ட்டாங்களாமா?"

"தெரியலம்மா" என்றேன். "பேர சொல்லிட்டாங்களாம்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முன்னறைக் கட்டிலில் அந்த ரஜாயை விரிக்கப் போனாள்.