மை அதிகம் என்று சொன்னவருக்கு

இன்று காலை அச்சுக்கூடத்தில் எழுத்துகளைக் கழுவுவதற்காக மண்ணெண்ணெய் டின்னைத் திறந்தேன். எத்தனை முறை துவைத்தாலும் உம்முடைய பனியனை விட்டு நீங்காத நெடி எழுந்து வந்தது. கணவனை ‘நீர்’ என்று எழுதலாமா என்று இந்தத் திருத்தணியில் கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்குக் கணவராவதற்கு முன்பே நீர் கையச்சு இயந்திரத்தின் மறுபக்கம் நின்று என்னோடு உழைத்தவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நமது வேலை இருவர் இன்றி நடவாதது. அச்செழுத்துகளின் மீது நான் மை உருளையை ஓட்டுவேன். கையை எடுத்ததும் “ஆங்” என்பேன். நீர் அவற்றின் மேல் தாளை மூடி, எழுத்துப் பலகையை இயந்திரத்துக்குள் தள்ளி, கைப்பிடியை இழுப்பீர். பள்ளிக்கூட வாசலை மிதியாத நான் எழுத்தறிந்ததும் அங்கேதான். இடவலம் மாறிக் கிடந்த ஈய எழுத்துகளை முதலில் படித்தேன். தாளில் நேராக விழுந்தவற்றைப் பிறகு படித்தேன். எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு நாணமும் இல்லை.

அந்நாட்களில் நாம் ஓயாமல் சண்டையிட்டோம். “மை ஜாஸ்தி, எழுத்தெல்லாம் அடைச்சிகினு போச்சி” என்பீர். “இழுக்கத் தெரியாதவருக்கு மை மேல பழி” என்பேன். பாட்டுப் புத்தகங்களை மடித்துத் தைக்கும் காசிம் பாய், “உங்க சண்டையைக் கேட்டாதான் என் ஊசி ஓடுது” என்று சிரிப்பார். தாள்களோ பழுதின்றி வந்தன.

பிறகு பிரியம் வந்தது. நாம் அதை அறியுமுன் அச்சுக்கூடம் அறிந்துகொண்டது. உம் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பதால், ‘அத்தான்’ என்பதைத் தெலுங்கிலாக்கி, அச்சுக் கோக்கும் கன்னியப்பன், “இன்னா பாவா, இன்னிக்கி மை சரியா கீதா?” என்று உம்மைச் சீண்டுவான். உமக்கு மெய்யாகவே வாயடைத்துப் போயிற்று. மை அப்பிய தாளையும் ஒன்றும் சொல்லாமல் அடுக்கினீர். ஒருநாள் காசிம் பாய் அந்தத் தாள்கட்டைத் தூக்கிவந்து உம் முன்னே போட்டார்.

“ஏம்பா, பிரியம் வந்தா கண்ணு அவிஞ்சிடுமா? அந்தப் பொண்ணு மனசு நோவும்னு நீ பாட்டுக்கு சும்மா இருந்துகினு கீற. தைக்கிற என் கையெல்லாம் மை!”

அவர் சொன்னது நியாயம். அதைக் கேட்டு முதலாளி செய்ததுதான் அநியாயம். வேலை நேரத்தில் நாமிருவரும் ஒரு சொல்லும் பேசலாகாது, ஒருவரையொருவர் பார்க்கவும் ஆகாது என்று கட்டளையிட்டார்.

நீர் கீழ்ப்படிந்தீர், வேண்டியதற்கு மேலும் கீழ்ப்படிந்தீர். என்னைப் பார்த்ததாக எவரும் சொல்லிவிடக் கூடாதென்று, சுவரைப் பார்த்தபடியே, என் “ஆங்” இல்லாமல் உருளையின் ஓசை ஓய்ந்ததைக் கொண்டே பலகையைத் தள்ளப் பழகினீர். ஆடிக் கிருத்திகை நெருங்கிய நேரம். நோட்டீஸ் வேலை குவிந்திருந்தது. மை ஓட்டிவிட்டேன். எழுத்தின் மீது ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்ததைக் கண்டு மறுபடி கையை நீட்டினேன். “இருங்க” என்று சொல்ல வாயெடுத்து, கட்டளையை நினைத்து அடக்கிக்கொண்டேன். நீர் சுவரைப் பார்த்துத் தள்ளினீர். என் சுட்டுவிரல் உள்ளே அகப்பட்டது.

விரலில் துணிக்கட்டோடு நின்ற என்னிடம், எல்லோர் முன்னிலையிலும் முதலாளி சொன்னார்: “ஒரே எடத்துல ரெண்டு பேரும் இருந்தா இப்படித்தான் ஆவும். பொம்பளை, நீ வேலைய வுட்டு நின்னுக்கம்மா. அவன் இருக்கட்டும்.”

“அப்ப நானும் போறேங்க” என்றீர் உடனே. அதைத் தியாகமென்று நான் ஏற்கவில்லை. நாம் வெளியேறினால் அவர் சொன்னதே மெய்யாகிவிடும்.

“இவரும் போகமாட்டார், நானும் போகமாட்டேன்” என்றேன். “நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எவர் விரலுக்கும் ஊறு நேர்ந்ததில்லை. எங்கள் வாயை அடைத்த பிறகே நேர்ந்தது. விரலைக் கெடுத்தது பிரியமன்று, உங்கள் கட்டளை.”

“இன்னாம்மா, நோட்டீஸ் மாதிரி பேசுற!” என்றான் கன்னியப்பன்.

“பேசட்டும் வுடுறா” என்று காசிம் பாய் அவனை அடக்கினார். “முதலாளி, இவங்கள மறுபடி சண்டை போடச் சொல்லுங்க. எனக்கு அது போதுங்க.”

கிருத்திகைக்குள் வேறு ஆள் கிடைக்காது என்பதும் முதலாளிக்குத் தெரியும். திருவிழா முடியட்டும் என்றார். முடிந்த பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் இடக்கையால் உருளையைப் பிடித்தேன். முதல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கூடம் முழுவதும் கேட்கும்படி “மை ஜாஸ்தி!” என்று கத்தினீர். நீர் எனக்குத் தாலி கட்டிய நாளில்கூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

கோணிப்போன இந்த விரலைக் காட்டி, வேலை செய்யும் இடத்தில் மனத்தைப் பறிகொடுத்ததற்குக் கிடைத்த கூலி என்று பேசுபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் எதிரில் நான் விரலை மடக்கிக்கொள்வதில்லை. நீர் போன பிறகு வீட்டோடு அடங்கியிருக்கச் சொன்னார்கள். இப்போது கைப்பிடியை நானே இழுக்கிறேன்.

ஆனால் உம்மோடு எனக்கொரு வழக்கு மிச்சமிருக்கிறது. கடைசியில் உம் உடம்பைக் காய்ச்சல் தின்றுகொண்டிருந்தபோது, பனி என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு வேலைக்கு வந்தீர். நான் கேட்ட போதெல்லாம் “ஒண்ணுமில்ல” என்றீர். அரக்கோணத்து டாக்டர், முன்பே அழைத்து வந்திருக்கலாகாதா என்று என்னைக் கேட்டார். மனைவி கலங்கக் கூடாதென்று நோயை மறைத்த உத்தமர் என்று ஊரார் உம்மைப் புகழ்கிறார்கள். நான் புகழமாட்டேன். என் விரலைக் கெடுத்ததும் அந்த மௌனமே, உம்மைப் பறித்ததும் அந்த மௌனமே. நீர் செய்தது பிழை. உம்மீது கொண்ட பிரியம் அணுவளவும் குறையாததால், உம் முகத்துக்கு நேரே நின்று சொல்வதுபோல் எழுதுகிறேன்: பிழை. மறுத்துப் பேச வல்லவரானால் வந்து பேசும்.