சுண்டுவிரலுக்குத் திறக்கும் போன்

ஆவணி 22, திங்கள்

விடியலில் தூறல். தேங்காய்த்திட்டு துறைமுகம் முழுக்கச் சேறு. ஏலத்தில் சங்கரா இரண்டு கூடை, கானாங்கெளுத்தி ஒரு கூடை. நெத்திலி கைக்கு வரவில்லை. போகட்டும்.

புதுப் போன். ரேவதி நேற்று சாயங்காலம் காரைக்கால் பஸ் ஏறிவிட்டாள். கல்யாணம் ஆன பிறகு முதல் தடவையாக வந்து இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் பழைய போனில் இருந்ததையெல்லாம் இதில் ஏற்றுவதிலேயே போனது. பெண்ணோடு உட்கார்ந்து ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அவள் கல்யாணம் வரைக்கும் மீன் எடுப்பது நான். வாடிக்கை வீடுகளுக்குப் போட்டோ அனுப்பி ஆர்டர் வாங்குவது ரேவதி. லோடு ஆட்டோவில் கொண்டு போய்க் கொடுப்பது இவர். இப்போது நடுவில் இருந்தவள் இல்லை.

இவர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? வீடுங்கள கஸ்தூரி கைல குடுத்துடு. நீ முன்ன மாதிரி மார்க்கெட்ல குந்து."

கஸ்தூரி இவர் தங்கச்சி. அவளுக்கும் மீன் வியாபாரம்தான். நல்லவள்தான். ஆனால் என் வீடுகள் என் வீடுகள். ஒவ்வொன்றாகப் படியேறிப் பிடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் தனியா ஓட்டிக் காட்டறேன்யா. முடியலன்னா நானே அவகிட்ட குடுத்துடறேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ரேவதியிடம் போனில் சொன்னேன். சிரிக்கிறாள்.

ஆவணி 23, செவ்வாய்

வெயில். புழுக்கம்.

இந்தப் போனுக்கு என் விரல் பிடிக்கவில்லை. பூட்டைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தால் "விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கவும்" என்கிறது. துடைத்தேன். புடவையில் தேய்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். அதே பாட்டு. ரேஷன் கடை மிஷினும் இப்படித்தான் அடம் பிடிக்கும். ஐஸிலும் செதிலிலும் கிடந்து கிடந்து ரேகை தேய்ந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? கடவுளிடம் புது விரல் கேட்கவா?

நம்பர் போட்டுத் திறக்கலாம். ஈரக் கையில் நான்கு அடித்தால் ஏழு விழுகிறது. ஐந்து தடவை தப்பு. முப்பது நொடி காத்திரு என்றது. ஏலக்காரர் அந்தப் பக்கம் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார், நான் இந்தப் பக்கம் போனுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறேன். பாறை மீன் ஒரு கூடை போச்சு.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இடது கை சுண்டுவிரலை ஏற்றுக்கொண்டது! கத்தி பிடிக்காது, செதில் சீவாது, செவுளைத் தூக்காது. பத்துப் பேரில் ஒரு சோம்பேறி, அதற்குத்தான் ரேகை மிச்சம். உலர்ந்த விரலாக ஒரு தடவை, ஈரமாக ஒரு தடவை, இரண்டு விதமாகவும் பதிந்து வைத்தேன். திறக்கிறது. தொட்டதும் திறக்கிறது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சுண்டுவெரலா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். போவதற்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார், திறக்கவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆவணி 24, புதன்

போனிலிருந்து தூக்கியது:
கேம் மூன்று
சினிமா பார்க்கும் ஆப்
செருப்பு விற்கும் ஆப் (யார் கேட்டது?)
"போனைச் சுத்தம் செய்கிறேன்" என்று வந்து அரை மணிக்கு ஒரு தடவை விளம்பரம் போட்ட ஆப். குப்பையே அதுதான்.

வைத்தது: கேமரா, வாட்ஸப், டார்ச், காலண்டர், போன் பேசும் பச்சைப் பட்டன். எல்லாவற்றையும் கீழ்வரிசைக்கு இழுத்துவிட்டேன், ஒரு கையில் தராசு இருந்தாலும் எட்டும். எழுத்தைப் பெரிதாக்கினேன். பின்னால் படம் வேண்டாம், வெறும் கறுப்பு, வெயிலில் அப்போதுதான் தெரிகிறது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை. நோணாங்குப்பத்தில் படகுக்கு நிற்கும் டூரிஸ்ட்டுகள் மாட்டியிருப்பார்களே, அதே. துறைமுகத்தில் எல்லாரும் பார்த்தார்கள். "இன்னா விஜயாக்கா, பேரடைஸ் பீச்சுக்கா?" சிரிக்கட்டும்.

பகலில் ஒரு பையன், கழுத்தில் கார்டு, மீன் விற்கிற ஆப்பில் சேரச் சொன்னான். "வீட்டுலேர்ந்தே விக்கலாம்மா." சரி பார்ப்போமே என்று ஏற்றினேன். என் போட்டோ கேட்டது. நான் எங்கே போகிறேன் என்று பார்க்க அனுமதி கேட்டது. என் நம்பர்கள் எல்லாம் கேட்டது. கொடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் திறந்தால் மீனுக்கு இரண்டே வகை: சுத்தம் செய்தது, செய்யாதது.

அடப்பாவிகளா. லாஸ்பேட்டை வீட்டுக்குத் தலை தனியாக வேண்டும், குழம்புக்கு. பேங்க்காரர் வீட்டில் நடுமுள் இருக்கக் கூடாது, குழந்தை சாப்பிடும். மதாம் வீட்டுக்கு முழுசாக, தோல் உரிக்காமல். மதாம் என்றால் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் கிழவியம்மா, ஊரே அப்படித்தான் கூப்பிடும். இதையெல்லாம் எந்தப் பொத்தானில் அழுத்துவது? அதையும் தூக்கிவிட்டேன்.

பேசினால் தானே எழுதும் வசதி இருக்கிறது. டிவியில் செய்தி வாசிப்பது போலப் பேசினால்தான் எழுதுகிறது. நான் அப்படிப் பேசினால் ஒருத்தரும் மீன் வாங்கமாட்டார்கள். எழுத்தே வேண்டாம் என்று முடிவு. போட்டோவும் என் குரலும் மட்டும். நாளைக் காலையில் இருந்து எல்லாருக்கும் ஒரே தடவையில் போகும்: "வணக்கம், விஜயா பேசறேன். சங்கரா வந்திருக்கு, கண்ண பாருங்க, பளபளன்னு கெடக்கு."

இன்றைக்கு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு வாங்கிய ஆர்டர் எல்லாம் சரியாகப் போனது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆவணி 25, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் வஞ்சரம். நல்ல பெரியது, கைக்குழந்தை கனம். பெருமையில் படம் எடுத்து எல்லாருக்கும் தட்டிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. டீச்சர் வீட்டுக்கும் போயிருக்கிறது. அவர்கள் மாமனார் போன வாரம் தவறிவிட்டார். நான் போய் மாலை போட்டுவிட்டு வந்தவள். பதினாறாம் நாள் காரியம் முடியாத வீடு, அடுப்பில் உப்புச்சப்பில்லாத சமையல். அந்த வீட்டுக்கு வஞ்சரத்தையும் "கண்ண பாருங்க" என்ற என் குரலையும் அனுப்பியிருக்கிறேன்.

அழிக்கப் போனேன். கை முழுக்க ஐஸ் ஈரம். "அனைவருக்கும் நீக்கு" மேலே, "எனக்கு மட்டும் நீக்கு" கீழே. கீழே பட்டுவிட்டது. என் போனில் காணாமல் போனது. அவர்கள் போனில் அப்படியே இருக்கும். இனி அழிக்கவும் வழியில்லை. எந்த மகராசன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்?

இவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. "இதுக்குத்தான் சொன்னேன். ரேவதி இருந்தா இப்படி நடக்குமா?" நடக்காதுதான். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. இவர் ஆட்டோவைக் கிளப்பினார், "ஏறு" என்றார், டீச்சர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

கேட்டுக்கு வெளியேயே நின்றேன். டீச்சர் வந்தார்கள். "தெரியாம வந்துடுச்சு டீச்சர். மன்னிச்சுடுங்க."

அவர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள். பிறகு, "பாத்தேன் விஜயா. மாமா இருந்திருந்தா இந்நேரம் நடுத்துண்டு எனக்குன்னு சண்டைக்கு நின்னிருப்பாரு" என்றார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர். எனக்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

ஆவணி 26, வெள்ளி

நேற்றைய தப்புக்கு இன்று பரிகாரம் செய்தேன்.

எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் வைத்ததுதான் தப்பு. ரேவதி மனசுக்குள்ளேயே வைத்துப் பிரித்து அனுப்புவாள். அவள் மனசு காரைக்காலில். போனுக்குத்தான் நான் சொல்லித்தர வேண்டும். மதியம் முழுக்க உட்கார்ந்து லிஸ்ட்டுகள் போட்டேன்:

வெள்ளி வேண்டாம்
சனி வேண்டாம்
கிருத்திகை, அமாவாசை வேண்டாம்
புரட்டாசி முழுக்க வேண்டாம் (அடுத்த வாரம் பிறக்கிறது, இதுதான் பெரிய லிஸ்ட்)
எந்த நாளும் வேண்டும்
வெள்ளிக்கு மீன் மட்டும் (மதாம், இன்னும் சில மாதா கோயில்கார வீடுகள், அன்று கறி எடுக்கமாட்டார்கள்)
துக்கம்

துக்கம் லிஸ்ட்டுக்கு எதுவும் போகாது. காலண்டரில் டீச்சர் வீட்டுக் காரிய நாளைக் குறித்து மணி வைத்தேன். அது முடிந்து, அவர்களாகக் கூப்பிட்டால்தான் வெளியே எடுப்பேன்.

இப்படி ஒன்றை அந்தப் பையனின் ஆப் செய்யுமா? செய்யட்டும் பார்க்கலாம். இந்த ஊரில் யார் வீட்டில் என்றைக்கு மீன்குழம்பு கொதிக்கும் என்று என் போனுக்குத் தெரியும். எனக்கே கொஞ்சம் திமிராக இருக்கிறது.

மதாமுக்கு மட்டும் காலையில் தனியாகக் குரல் அனுப்பினேன். பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பதில்: "மெர்சி விஜயா. வவ்வால் மீன் ரெண்டு. முழுசா."

ஆவணி 27, சனி

மழை. வேலை குறைவு. சனி வேண்டாம் லிஸ்ட்டுக்கு எதுவும் போகவில்லை. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

போன் தானாக அப்டேட் ஆகி டார்ச்சை எங்கேயோ ஒளித்துவிட்டது. திட்டித் தீர்த்தேன். தேடி எடுத்துக் கீழே போட்டேன். பழையபடி.

நாளைக்கு ஞாயிறு, இவரிடம் நான் சொன்ன கெடு. கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆவணி 28, ஞாயிறு

புரட்டாசிக்கு முந்தின ஞாயிறு, ஊரே மீன் தின்கிற நாள். நான்கு மணிக்கே துறைமுகம். எட்டு மணிக்குள் கூடை காலி. தலை லாஸ்பேட்டை வீட்டுக்கு, முள் எடுத்தது பேங்க்காரர் வீட்டுக்கு. ஒன்றும் மாறவில்லை. ஒன்றும்!

வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் போனில் பேசியது காதில் விழுந்தது. "இல்ல கஸ்தூரி. அவளே பாத்துக்குவா. ஆமா... இல்ல, நல்லாவே பாத்துக்கறா."

குழாயை நிறுத்தாமலே நின்றேன். என்னிடம் இதைச் சொல்லமாட்டார். பரவாயில்லை, கேட்டுவிட்டேன்.

மதியம் சந்தோஷத்தில் போனைக் குடைந்துகொண்டிருந்தேன், இன்னும் எதையாவது சரி செய்யலாமே என்று. வாட்ஸப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று ஒரு இடம். உள்ளே போனால் இன்னொரு போன். ரேவதி போன். என் வாட்ஸப்பில் வருவதும் போவதும் எல்லாம் அதிலும் தெரியும். கடைசியாகத் திறந்தது இன்று காலை.

அப்படியென்றால் வாரம் முழுக்க அவள் பின்னால் நின்றிருக்கிறாள். தனியாக ஓட்டிக் காட்டுகிறேன் என்று நான் சொன்னதெல்லாம் பொய்யா? இவருக்கு எந்த முகத்தைக் காட்டுவது? உடனே கூப்பிட்டேன்.

"ஏன்டி, வேவு பாக்கறியா? எதெதெல்லாம் நீ சரி பண்ண? உண்மைய சொல்லு."

"ஒண்ணையும் தொடலம்மா. சத்தியமா."

"டீச்சர் வீட்டு விஷயம்?"

"பாத்தேன். நீ பாக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். அழிக்கலாம்னு வெரல கொண்டு போனேன். அழிச்சா நீ ஜெயிச்சது ஆவாதுல்ல. விட்டுட்டேன். அழுதுட்டேன்மா அன்னிக்கு."

"பின்ன எதுக்குடி வெச்சிருந்த?"

அவள் எங்கேயோ நடந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இங்க யாரும் காலைல சத்தமா பேசமாட்டாங்கம்மா. கண்ணு முழிச்சதும் நீ பேசறத ஒரு தடவ கேட்டுட்டு அப்புறம் எழுந்துப்பேன். அவ்ளோதான்."

இவ்வளவு நேரம் எனக்குள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் பெண் அங்கே எப்படி இருக்கிறாள் என்று இந்த வாரம் ஒரு நாள் கூட நான் கேட்கவில்லை. போன், போன், போன்.

"உன் போன இதுலேர்ந்து எடுத்துடட்டுமா?" என்றேன்.

"எடும்மா. உன் போனு."

எடுத்துவிட்டேன்.

ஆவணி 29, திங்கள்

வானம் தெளிவு. கடம்பா, அதாவது கணவாய், நிறைய வந்திருக்கிறது.

ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் ரேவதிக்கு மட்டும் தனியாக ஒன்று பேசி அனுப்பினேன். "வணக்கம், விஜயா பேசறேன். கடம்பா வந்திருக்கு, பால் மாதிரி வெள்ள. எழுந்துட்டியா? சாப்ட்டியா? மாமியார் எப்படி?"

கூடையைத் தூக்குவதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் குரல், தூக்கம் கலையாமல்: "ஒரு கிலோ போடுங்க மீன்காரம்மா. வளையமா வெட்டி. காரைக்கால் டெலிவரி உண்டா?"

ஏலத்துக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவரிடம் சொன்னேன். ஐஸ் பெட்டியைத் துடைத்து ஆட்டோவில் ஏற்றினார்.

"நாளைக்கு வீடுங்களுக்கு லீவுன்னு சொல்லிடு. காரைக்கால் போய்ட்டு வந்துடலாம்."