தூள் புகாத தையல்

அக்கா,

இன்று காலை பட்டறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றியபடி, நாம் முதன்முதலில் செய்த உறை கிடந்தது. பிரித்ததும் மடிப்புகளிலிருந்து சாம்பல் நிறத் தூள் கையில் கொட்டியது. நிலவு மண்ணுக்குப் பதிலாக நாம் அரைத்து வைத்துக்கொண்ட கல்தூள். விரலில் ஒட்டினால் லேசில் போகாது. கை கழுவ எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை எனக்குக் காட்டியது ஒரு மழை. மூணாறில் கல்யாணத்துக்கு வந்தவள், சின்னக்கானல் பக்கம் வண்டியை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் சுற்றிய மழைப் படுதாவோடு குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்தார்கள். அத்தனை மழையிலும் தையல் பிரியவில்லை, உள்ளே சேலை நனையவில்லை. யார் தைத்தது என்று கேட்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டைக் காட்டினார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் பம்பு பாகங்கள் கடைந்துகொண்டிருந்த சின்னப் பட்டறை என்னுடையது. சிறு நிறுவனங்கள் விண்வெளிக் கருவி செய்ய அரசாங்கம் உதவும் திட்டத்தில் எங்களுக்கு முதல் கட்ட நிதி கிடைத்திருந்தது. நிலவில் இறங்கி மண் அள்ளும் இயந்திரக் கை. கை ஒழுங்காக வேலை செய்தது. மணிக்கட்டு மூட்டுக்குள் தூள் புகுந்து இறுகிப்போவதுதான் தொல்லை. அந்த மூட்டுக்குத் தூள் விடாத சட்டை ஒன்று வேண்டும் என்று சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. அங்கே மழை உண்டா என்று மட்டும் கேட்டீர்கள். இல்லை என்றேன். "அப்ப பாக்கலாம் மேடம்" என்றீர்கள்.

மாதத்தில் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கித் தைத்தீர்கள். அக்கா என்று நான் கூப்பிட்டாலும் உங்களுக்கு நான் மேடம்தான். அடிக்கடி சுடுதண்ணீர் கேட்பீர்கள். மலைக்காரர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

உறையை இயந்திரக் கையில் மாட்டி, தூள் நிரப்பிய பெட்டிக்குள் விட்டு, நாள்கணக்காக மடக்கி நிமிர்த்தினோம். மூட்டு இறுகவே இல்லை. அரசாங்கக் குழு வந்து பார்க்க ஒரு வாரம் இருந்தது. பட்டறையில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் மட்டும் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே உறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டினீர்கள். தையல் ஓடிய வழியெல்லாம், ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் சாம்பல் புள்ளி.

குழுவினர் கை மடங்குவதைத்தான் பார்ப்பார்கள், உறையைப் புரட்டிப் பார்க்கமாட்டார்கள் என்றேன். இரண்டாம் கட்டம் கிடைக்காவிட்டால் பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"இங்கன்னா கழட்டிப் பாத்துக்கலாம். மேல போனப்பறம் யாரு கழட்டிப் பாப்பா மேடம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க தைக்கற வேலைய மட்டும் பாருங்க்கா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கடைசல் இயந்திரம்கூட ஓடாத நேரம் அது. எல்லாருக்கும் கேட்டது.

 சாயங்காலம் எல்லாரும் போனபின் என் மேசைக்கு வந்தீர்கள். "தையல்ல குத்தம்னே எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

உங்கள் பெயரைப் போடவில்லை. குழுவுக்கான அறிக்கையில் குறையை எழுதினேன். குழு வந்தது, படித்தது, உறையைப் புரட்டிக் காட்டச் சொன்னது. இதைக் கண்டுபிடித்தது யார் என்றார் ஒருவர். நான் உங்களைக் காட்டினேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றீர்கள். இரண்டாம் கட்டம் கிடைக்கவில்லை. சரிசெய்துகொண்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டு பேர் கோயம்புத்தூருக்கு வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த ஆறு மாதத்தில் நீங்கள் எத்தனை உறைகளைத் தைத்துப் பிரித்தீர்கள் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் துணியை இரண்டு முறை உள்ளுக்குள் மடித்து, ஊசித்துளை வெளியே எங்குமே தெரியாத ஒரு தையலைக் கொண்டுவந்தீர்கள். புரட்டிப் பார்த்தோம். உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. இரண்டாம் கட்டம் கிடைத்தது.

சேதி சொல்ல அழைத்தபோது உங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்றார். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது. அந்தச் சுடுதண்ணீர் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு நாளாவது "ஏனுங்க்கா, உடம்புக்கு என்ன?" என்று நான் கேட்டிருக்கலாம்.

நீங்கள் போன அன்று பொள்ளாச்சி, உடுமலை வழியாக விரைந்து வந்தேன். மறையூருக்குக் கீழே யானை சாலையில் நின்றதால் வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். நான் சேரும்போது மாதா கோயிலில் செபம் முடிந்து, மண் போட்டிருந்தார்கள்.

போன மாதம் மறுபடி சின்னக்கானல் வந்தேன். அந்தத் தையலுக்கான காப்புரிமை விண்ணப்பத்தில் முதல் பெயர் உங்களுடையது. வாரிசு என்று உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பொறுமையாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். அந்த உறை மேலே போய்விட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, சோதனைகள் பாக்கி இருக்கின்றன என்றேன். தலையாட்டினார்.

எழுந்திருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. அன்று எல்லார் முன்னாலும் உங்களைச் சொன்ன சொல்லை அவரிடம் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றும் சொன்னேன். 

"அப்பிடி ஒண்ணும் அவ சொன்னதில்லையே. ஒங்க ஊருக்குப் பொறப்படும்போதெல்லாம், தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்னுதான் சொல்லுவா."

தங்கச்சி என்ற அந்தச் சொல்லோடு மலை இறங்கினேன், அக்கா. அதற்கு நான் தகுதியா என்று தெரியவில்லை. ஆனாலும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.